நான் தாண்டிப் போன கை

விஷு வருஷம், ஆனி 27

கீழ்மலையில் இன்றும் கோப்பி மரம் பிடுங்கினார்கள். கட்டைகளை வண்டியில் ஏற்றிப் போகிறார்கள். சீமையில் அதை மேசைக்குக் காலாகக் கடைகிறார்களாம். பழம் கொடுக்காதது காலாவது கொடுக்கட்டும் என்று துரை சொன்னாராம். கணக்கப்பிள்ளை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மலையில் குழி வெட்டிக் கன்று வைத்தவர்களில் நானும் ஒருத்தி. முத்துலிங்கம் அப்போது என் முதுகில் தொங்கினான். முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. எந்த வரிசையில் யார் குழி வெட்டினார்கள் என்று இப்போதும் சொல்வேன்.

பன்னிரண்டு வருஷமாக இலையில் மஞ்சள் பொடி. தொட்டால் விரலில் ஒட்டும். சாம்பல் போட்டார்கள், சுண்ணாம்பு போட்டார்கள். மரம் செத்ததுதான் மிச்சம்.

காலையில் ஆள் எடுக்கிற பெரட்டில் என் பேரைக் கூப்பிட்டு நாலு மாதம் ஆகிறது.

ஆனி 30

தோட்டத்தை மூடுவது உறுதியாகிவிட்டது. ஆவணி பிறந்ததும் லயத்து வரிசை வீடுகளைக் காலி பண்ண வேண்டும்.

பெரியவன் முத்துலிங்கம் கலஹாப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறான். அவனுடைய பெண்சாதி பரிமளத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அங்கே கங்காணி. சின்னவன் லெட்சுமணன் கடல் தாண்டி அக்கரைக்கே திரும்புகிறான், பெண்சாதி சுப்பம்மாவின் ஊருக்கு.

நான்?

நான் லெட்சுமணனோடுதான். அவன் காம்பராவில்தானே இத்தனை வருஷம் இருக்கிறேன். கேட்க என்ன இருக்கிறது. அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியவனோடு போக முடியாது. அவன் வீட்டில் பரிமளம் இருக்கிறாள்.

ஆடி 3, ஞாயிறு

மழை. அடுப்பு பிடிக்கவில்லை. சும்மா உட்கார்ந்தால் அந்த நாள்தான் வருகிறது. எழுதி வைக்கிறேன். இந்தக் கொப்பி என் வீட்டுக்காரருடையது. கங்காணியாக இருந்தபோது ஆள் கணக்கு எழுத வாங்கியது, பாதியில் நின்றுபோனது. நான் எழுத்துப் படித்ததும் அவரால்தான். சின்னவனை மணலில் எழுத வைக்கும்போது, நீயும் உட்காருடி, கை தேய்ந்தா போயிடும் என்பார்.

ஆங்கீரச வருஷம், ஐப்பசி 11. லயத்தில் பேதி. காலையில் அவருக்குக் கண்டது. மத்தியானத்துக்குள் கண் குழிக்குள் போய்விட்டது. தண்ணி, தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குடத்தில் இருந்தது தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் மலையில். நான் அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். விட்டுவிட்டு எழுந்தால் கையைப் பிடிக்கிறார்.

அடுத்த காம்பராவில் பரிமளம் இருந்தாள். கல்யாணம் கட்டி வந்து எட்டு மாதம். சுவரைத் தட்டினேன். பரிமளம், ஒரு செம்புத் தண்ணி கொண்டாம்மா என்று கத்தினேன். ஒரு தடவை இல்லை. ஏழு தடவை. உள்ளே ஆள் இருப்பது கேட்டது. வளையல் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

கடைசியில் நானே தண்ணி விழுகிற பீலிக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் வாய் திறந்திருந்தது. அதில்தான் தண்ணியை ஊற்றினேன்.

அன்றிலிருந்து அவளோடு பேச்சில்லை. ஒன்பது வருஷம். சொல்ல வேண்டியதைப் பேத்தியிடம் சொல்வேன், அவள் போய்ச் சொல்லுவாள்.

ஆடி 9

பேத்தி அங்கம்மா வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்பாயி, அம்மா கேக்கச் சொன்னுச்சு, எல்லாரும் பிரிஞ்சு போறதுக்கு முன்னாடி ஆடிப் பதினெட்டுக்குக் கங்கைக்குப் போவோமான்னு.

அவர் போனதிலிருந்து நாங்கள் கட்டுகஸ்தோட்டை ஆற்றுக்குப் போனதில்லை. உங்கம்மாவுக்கு என்ன திடீர்னு என்றேன். தெரியல அப்பாயி, புளி ஊறப்போட வாங்கி வச்சிருக்கு என்றது பிள்ளை.

போகலாம் என்று சொல்லச் சொன்னேன். அவளுக்காக இல்லை. கங்கையைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

ஆடி 14

லெட்சுமணன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஏன்?

ஆடி 18, திங்கள்

இன்று நடந்த எல்லாவற்றையும் எழுதுவேன்.

காலையிலேயே கிளம்பினோம். ஆறு பேர். மழை விட்டு வெயில் அடித்தது. பரிமளம் சோற்றுப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு கடைசியில் வந்தாள். இரண்டு பக்கமும் கோப்பி இருந்த வழி அது. பழம் பழுக்கிற மாதத்தில் சிவப்பு மணி கோத்தது போல இருக்கும். இன்று வெறும் குழிகள், குழிக்குள் மழைத் தண்ணி.

ஆனாலும் வழியைப் பார்த்ததும் என் வாய் நிற்கவில்லை. இந்த வளைவில்தான் உன் தாத்தாவின் காலில் பதினாறு அட்டை. எண்ணிப் பிடுங்கினேன். இந்தப் பாறையில்தான் உன் அப்பன் நடக்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டு அழுதது. அங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எந்தக் கல்லுல எவன் தடுக்கி விழுந்தான்னு ஆத்தாவ கேளு, தேதியோட சொல்லும்" என்றான் லெட்சுமணன்.

"நீ விழுந்த கல்லு அந்தா இருக்கு. முன்பல்லு ரெண்டு போச்சு. உனக்கு ஏழு வயசு, மாசி 12" என்றேன்.

முத்துலிங்கம்கூடச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து எத்தனை நாள்.

கட்டுகஸ்தோட்டையில் கங்கை இரு கரையும் தொட்டு ஓடியது. செம்மண் நிறம். பாலம் வராத காலத்தில் தோணியில்தான் தாண்டுவோம். அவர் பெரியவனைத் தோளிலும் சின்னவனை இடுப்பிலும் வைத்துக்கொண்டு தோணியின் நடுவில் நிற்பார். எனக்குப் பயத்தில் உயிர் போகும். உட்காருங்களேன் என்றால், கங்கையம்மா நம்மள எடுக்க மாட்டா, நம்மகிட்ட என்ன இருக்கு என்பார். இப்போது இரண்டு பாலம். ஒன்றில் மாத்தளை ரயில் புகை விட்டுக்கொண்டு போயிற்று. அங்கம்மா கை காட்டினாள்.

சுப்பம்மாவும் பரிமளமும் மஞ்சள் வைத்து, காதோலை கருகமணியைத் தண்ணியில் விட்டு, ஒருத்திக்கு ஒருத்தி கயிறு கட்டிக்கொண்டார்கள். நான் தள்ளி நின்றேன். கயிறு இல்லாதவள். காப்பரிசியை அங்கம்மா மடியில் அள்ளிக்கொண்டு மீனுக்கும் போட்டாள்.

அப்புறம் சோறு. ஆற்றங்கரையில் எங்கள் வழக்கம் இலை போடுவதில்லை. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கையை நீட்ட, வீட்டுக்குப் பெரியவள் நடுவில் பானையை வைத்து உருட்டி உருட்டிப் போடுவாள். கயிறு இல்லாவிட்டாலும் அது பெரியவள் கைதான். சுற்றில் ஒருவரையும் விடக் கூடாது. வேலைக்கு வந்த ஆள் இருந்தாலும், வழியில் போனவன் உட்கார்ந்தாலும், கை நீட்டினால் போட வேண்டும்.

முத்துலிங்கத்துக்குப் போட்டேன். அடுத்தது பரிமளம்.

அவள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

என் கையில் உருண்டை இருந்தது. அந்த வளையல். அதே வளையல். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

நான் அவளைத் தாண்டி அங்கம்மா கையில் போட்டேன். அப்புறம் சுப்பம்மா. அப்புறம் லெட்சுமணன். மறுபடி முத்துலிங்கம். மறுபடி அவளைத் தாண்டினேன்.

அங்கம்மா தன் உருண்டையைப் பிட்டு அம்மா கையில் வைக்கப் போனாள். நீ சாப்பிடு கண்ணு என்று சொல்லிவிட்டுப் பரிமளம் எழுந்துபோய் அந்த வெறும் கையைத் தண்ணியில் கழுவினாள். சோறே படாத கையை.

முத்துலிங்கம் தன் கையிலிருந்த சோற்றை அப்படியே பானையில் போட்டான். "போதும் ஆத்தா" என்றான். அவ்வளவுதான்.

திரும்பும்போது அவர்கள் மூவரும் முன்னால் போய்விட்டார்கள். லெட்சுமணன் என் பக்கத்தில் நடந்தான். அப்போதுதான் சொன்னான், பாவி.

"ஆத்தா, உன்னைய அக்கரைக்குக் கூட்டிப் போவ முடியாது. மாத்தளை வரைக்கும்தான் ரயிலு. அப்புறம் மன்னாரு மட்டும் காடு. நீ நடக்க மாட்டே. வழியில உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா போட்டுட்டும் போவ முடியாது, தூக்கிட்டும் போவ முடியாது."

"அப்ப நான் எங்கடா போறது?"

"அண்ணி உனக்கு எடம் கேட்டு வச்சிருக்கு. கலஹாவுல, கொழுந்தெடுக்கப் போறவளுங்க பச்சப்புள்ளைகள பாத்துக்க லயத்துக்கு ஒரு கெழவி வேணுமாம். அண்ணியே நடந்து போயி, அவங்க அண்ணன் கால்ல விழாத கொறையா கேட்டுச்சு. இன்னிக்கு நீ அது கையில சோறு போட்டதும் சொல்லலாம்னு இருந்துச்சு. நீ என்ன காரியம் பண்ணிட்டே ஆத்தா."

ஆடி 19

தூக்கம் இல்லை. எனக்கு எதற்கு அவள் பிச்சை? பிச்சை கொடுத்தால் செத்தவர் எழுந்து வருவாரா?

ஆனாலும் அந்தக் கை.

ஆடி 25

அவர்கள் போய்விட்டார்கள்.

விடிந்ததும் முத்துலிங்கம் என் காம்பரா வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. கங்காணிக்கு ஆள் அனுப்பிட்டேன் ஆத்தா, நீ வரலன்னு, அந்த எடத்துக்கு வேற கெழவிய போட்டாச்சு என்றான். பரிமளத்தை இன்னொரு தடவை அப்படிக் கை நீட்டி உட்கார வைக்க அவனால் முடியாதாம்.

எனக்கு ஆங்காரம் வந்தது. "போடா. பொண்டாட்டி பின்னால போ. உங்கப்பன் தண்ணி தண்ணின்னு தவிச்சப்ப செவுத்துக்கு அந்தப் பக்கம் வாயப் பொத்திட்டு உக்காந்திருந்தவதானே அவ!"

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். ஒரு எழுத்தும் மறக்காது.

"அவ வாயப் பொத்துனது நான் ஆத்தா. நான் உள்ளதான் இருந்தேன். கதவுக்குக் கட்டையப் போட்டு அதுமேல சாஞ்சு உக்காந்திருந்தேன். நீ கூப்புட்டப்ப அவ செம்ப எடுத்துட்டா. வுடுங்க, மாமா கேக்குறாருன்னு என் கையக் கடிச்சா. இந்தா பாரு தழும்பு. அப்ப அவ வயித்துல மூணு மாசம். பேதி ஒட்டிக்கும்னு பயம் எனக்கு. ஆத்தாகிட்ட சொன்னீன்னா தாலிய அறுத்துப்புடுவேன்னு நான்தான் சொன்னேன். அவ சொல்லல. இத்தன வருஷமும் சொல்லல."

அவன் மலையில் இருந்தான் என்றே நினைத்திருந்தேன். இரண்டு பேரும் மலையில் என்று நினைத்திருந்தேன். ஏழு தடவை தட்டியது நினைவிருக்கிறது, வளையல் சத்தம் நினைவிருக்கிறது. அன்று காலை பெரியவன் பெரட்டுக்குப் போனதைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியே வந்தபோது அவர்கள் வளைவு தாண்டிவிட்டார்கள். கூப்பிட்டேன். பரிமளம் என்று கூப்பிட்டேன். ஒன்பது வருஷமாகச் சொல்லாத பேர். அங்கம்மா மட்டும் திரும்பிப் பார்த்தாள். அவளை யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஆடி 26

அவ பேருக்கு எத்தன சாபம் வுட்டிருப்பேன். அங்கம்மா பொறந்த அன்னிக்குக்கூட போய்ப் பாக்கல. மருந்து அரச்சுக் குடுக்க ஆள் இல்லாம அடுத்த லயத்து மூக்காயி வந்து செஞ்சா. நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். அவளும் கத்துனா. நானும்தான் கதவத் தொறக்கல.

ஆவணி 2

லெட்சுமணன் கிளம்பினான். சுப்பம்மா காலில் விழுந்து கும்பிட்டாள். போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடுறேன் ஆத்தா என்றான். போடுவான். படிக்க நான் எங்கே இருப்பேனோ.

ஆவணி 5

இந்த லயத்தில் நானும் ஒரு நாயும். கூரைத் தகரத்தைப் பிரிக்க ஆள் வந்துவிட்டார்கள்.

ஆவணி 11

மூட்டையைத் தூக்கிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்கு இறங்கினேன். வேறு எங்கே போவது. அவர் காலத்தில் நாங்கள் சாமான் வாங்கிய கடை, இப்போது பழைய முதலாளியின் மகன் சாஹுல் ஹமீது நடத்துகிறார். கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். பிச்சைக்காரி என்று ஒருவன் சில்லறை போட்டான். எடுக்கவில்லை. அப்புறம் எடுத்தேன்.

ஹமீதின் பெண்சாதி ஸுலைஹா எட்டிப் பார்த்தாள். "இது மூக்கையாக் கங்காணிட ஆச்சி எலுவா? என்னத்துக்கு ஆச்சி வெயிலுக்குள்ள? பொறத்தால எடம் ஈக்கிது, வந்து இரிங்கோ" என்றாள். அவர் பேரை இன்னும் மறக்கவில்லை.

பின்பக்கம் அரிசிச் சாக்கு அடுக்கும் சாய்ப்பு. படுக்க இடம், இரண்டு வேளை சோறு. அரிசியில் கல் பொறுக்குவது என் வேலை. கண் நன்றாகத் தெரிகிறது இன்னும்.

ஆவணி 29

கடைக்குப் பின்னால் நின்றால் கங்கை தெரியும். நான் நிற்பதில்லை.

புரட்டாசி 8

கடைக்குச் சாமான் ஏற்றுகிற ஹாஷிம் வண்டி மாதம் ஒரு தரம் கலஹாவுக்குப் போகிறதாம். கூட வரட்டுமா என்று கேட்டேன். "சாக்கு மேல குந்துவீங்களா ஆச்சி? மாடு ரெண்டும் ஒங்களவிடக் கெழடு, இறக்கத்துல நீங்கதான் பிரேக்கு" என்றான். வருகிறேன் என்றேன்.

என்ன சொல்வது அவளிடம்? ஐந்து நாளாக மனதில் எழுதிப் பார்க்கிறேன். தப்புப் பண்ணிட்டேன் தாயி. அவ்வளவு போதுமா? காலில் விழலாமா? மாமியார் விழுந்தால் அவளுக்கு ஆகாது என்பார்கள். திட்டட்டும். ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டட்டும். செருப்பால் அடித்தாலும் சரி.

புரட்டாசி 15

போய்விட்டு நேற்று இரவு திரும்பி வந்தேன்.

பேராதனையில் இராத் தங்கி, காலையில் மலை ஏறினோம். அங்கே எல்லாம் சின்னச் செடி, இடுப்பளவு. புது மண் வாசம். லயத்து வாசலில் ஒரு கிழவி ஐந்தாறு பச்சைப் பிள்ளைகளைச் சாக்கில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்டு வைத்த இடம். என்னைப் பார்த்து வா தாயி என்றாள், பல் இல்லாத வாய்.

மத்தியானச் சோற்றுக்கு எல்லாரும் இறங்கி வந்தார்கள். அங்கம்மா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். வளர்ந்திருக்கிறாள். முத்துலிங்கம் சும்மா நின்றான். பரிமளம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "வாங்க அத்தை" என்றாள். தண்ணி கொடுத்தாள். சோறு போட்டாள். எனக்கு முதலில், நிறைய. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சாப்பிட்டு அவள் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"பரிமளம். பெரியவன் சொல்லிட்டான். அன்னிக்கு நடந்தத எல்லாம் சொல்லிட்டான். நான் உன்னைய—"

"எத அத்தை?"

"மாமா செத்த அன்னிக்கு. கதவு. நீ அவன் கையக் கடிச்சது. அப்புறம் கங்கைக்கரையில நான் உன் கையத் தாண்டி—"

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். கோபம் இல்லை முகத்தில். அதுதான். ஒன்றுமே இல்லை.

"எனக்கு அதெல்லாம் ஞாவகம் இல்லீங்க அத்தை" என்றாள். "எத்தன வருஷத்துக் கத. விடுங்க."

"கங்கைக்குப் போனது ரெண்டு மாசத்துக்கு முந்திடி தாயி."

"அப்படியா" என்றாள். சேலையில் கையைத் துடைத்தாள். "பெரட்டுக்கு ஊதிட்டாங்க. வரேன் அத்தை." கூடையை எடுத்துக்கொண்டாள்.

கீழேயிருந்து ஹாஷிம் கத்தினான். "ஆச்சி, வெயில் சாயப் போகுது. வாறீங்களா, இரிக்கப் போறீங்களா?"

யாராவது என்னை இரு என்று சொல்லட்டும் என்று நின்றேன். முத்துலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தான். அங்கம்மாவும் பார்த்தாள். அந்தக் கிழவிகூடப் பிள்ளையைத் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"இன்னொரு நாளைக்கு வாங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் பரிமளம் மலை ஏறினாள்.

சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் யோசித்தேன். நிஜமாகவே மறந்துவிட்டாளா? மறந்ததாகச் சொன்னாளா? எது என்றாலும் அங்கே எனக்கு வேலை இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அந்த லயத்து வாசலிலேயே கிடந்திருப்பேன். எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டாள் அவள். இப்போது அந்தக் கதவும் வளையல் சத்தமும் என் ஒருத்தியிடம்தான் இருக்கின்றன.

புரட்டாசி 16

சம்பா இரண்டு மூட்டை பொறுக்கினேன். நிறையக் கல். ஸுலைஹா கேட்டாள், எத்தின நாளைக்கு ஆச்சி இங்க இரிக்கிற யோசின என்று. இருக்கிற வரைக்கும் என்றேன். சரி என்று பாயை மாற்றிக் கொடுத்தாள்.